ஊற்றுத் தண்ணீர் குடிக்காத ஏஞ்சலின்

கடத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அந்தச் செய்தி எனக்கு முதலில் கிடைத்தபோது மெலிந்துதான் இருந்தது. நாவக்கொல்லை மலையில் ஒரு பொம்பளை இருக்கிறாளாம். ஊர் மொத்தமும் குடிக்கிற ஊற்றுத் தண்ணீரை அவள் மட்டும் தொடமாட்டாளாம். அவ்வளவுதான். பக்கத்துச் சலூனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் சதை பிடித்துவிட்டது: அவள் குடிக்காததற்குக் காரணம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மலை ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, கலந்ததே அவள்தான், ஒரு கன்றுக்குட்டி செத்துப்போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி அவளை மலையிலிருந்து இறக்கப்போகிறார்கள் என்று கைகால் முளைத்து நின்றது. நூறு மீட்டர் தூரத்தில் இவ்வளவு வளர்கிற பயிர் நம் மாவட்டத்தில் வேறு கிடையாது.

அன்று சனிக்கிழமை. விஷயத்தைச் சரிபார்த்துவிடலாம் என்று ஜீப்பில் ஏறினேன். ஏறும்முன் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டேன். நான் யாரையும் சந்தேகப்படுகிறவன் இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

நாவக்கொல்லையை வரைபடத்தில் தேட வேண்டாம். பெயரை மாற்றியிருக்கிறேன்.

ஜீப் ஓட்டியவர் சிவக்குமார். முதல் வளைவிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"நீங்க எந்த ஆபீசுங்க சார்?"

"எந்த ஆபீசும் இல்லீங்க."

"அப்போ தேயிலைக் கம்பெனியா?"

"இல்ல."

"கட்சியா?"

"அதுவும் இல்ல."

"ஒண்ணுமே இல்லாதவங்க எதுக்கு சார் மலைக்கு வர்றாங்க?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதன்பிறகு ஒன்பதாவது வளைவு வரை பேச்சே இல்லை.

ஒன்பதாவது வளைவில் தேயிலை தெரிந்தது. போன வருடம் வரை சாமை விளைந்த சரிவு. இப்போது முழங்கால் உயரச் செடிகள், பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகளைப்போல வரிசை வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் வாடியிருந்தன. தேயிலை மழையை நம்புகிற செடி. நம் பக்கம் மழையைப் பற்றிய செய்திதான் தவறாமல் வரும். வரிசைகளுக்கு நடுவே செம்மண் வெறுமையாகக் கிடந்தது. ஒரு புல் இல்லை. அதற்கும் மேலே, முன்பு பெரிய மரங்கள் நின்ற இடத்தில் அடிக்கட்டைகள் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"மரமெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"லாரில போச்சு சார்."

"இலை?"

"அது இன்னும் வரல. மரம் போறதுக்கு ஒரு வாரந்தான் ஆச்சு. இலை வர்றதுக்கு மூணு வருசம் ஆவுமாம். மாதவராஜ் சார் சொன்னாரு. கம்பெனிக்காரரு." சிவக்குமார் கியரை மாற்றினார். "ஆடுங்களையும் வித்துட்டாங்க. புல்லுக்கு மருந்தடிச்சிட்டா அதுங்க எத மேயும்? சந்தைக்கு நான்தான் ஏத்திக்கினு போனேன்."

ஊரில் நாற்பது வீடுகள். அதில் பெரிய வீடு குப்புராஜுடையது. சரிவில் பாதி நிலம் அவருடையது. அதை மொத்தமாகத் தேயிலைக்குக் கொடுத்தவர். கம்பெனி நாற்றும் மருந்தும் கொடுக்கும், இவர்கள் நட்டு வளர்க்க வேண்டும், இலை வந்ததும் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. நடவு சொல்லிக்கொடுக்க, செய்தியில் அடிபட்ட அந்த ஏஞ்சலினைக் கூட்டிவந்ததும் கம்பெனிதான். தங்குவதற்குத் தன் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையைக் கொடுத்தது குப்புராஜ். அதாவது, அந்த அம்மா இருக்கிற வேலை ஒருவர் கையில், இருக்கிற கூரை இன்னொருவர் கையில்.

குப்புராஜ் பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார், யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று.

"ரெண்டு வருசம் ஆச்சுங்க அவ வந்து. எங்க தண்ணிய ஒரு வாய் குடிச்சதில்ல. கீழ ஏழாவது வளைவுகிட்ட அடிபைப்பு இருக்குது. தெனம் எறங்கிப் போயி ரெண்டு கொடம் தூக்கிக்கினு வர்றா. கேட்டா சிரிக்கிறா. சரி, கிறிஸ்துவங்க வழக்கமோ என்னமோன்னு நெனச்சேன். ஆடிக்கு அப்புறம் என் கன்னுக்குட்டி செத்துச்சு. நல்ல கன்னுங்க. புள்ளைங்களுக்கெல்லாம் வவுத்து வலி. அப்புறம் ஒருத்தன் வந்து சொல்றான், வெடியக்காலைல அவ ஊத்துகிட்ட குனிஞ்சு, தண்ணிக்குள்ள என்னமோ தேடிக்கினு இருந்தாளாம். குடிக்காதவளுக்கு ஊத்துகிட்ட என்னங்க வேல?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

அப்போது அவர் மனைவி செல்லம்மாள் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் பையிலிருந்த பாட்டிலை எடுத்தேன். இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தொண்டை சரியில்லீங்க. டாக்டர் வெளித்தண்ணி வேணாம்னு சொல்லியிருக்காரு" என்றேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

"ஓஹோ" என்றார் செல்லம்மாள். செம்பை என் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனார். பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஊற்றைப் பார்க்க வேண்டும் என்றதும் செல்லம்மாள்தான் கூட வந்தார். தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில், பாறை இடுக்கிலிருந்து கசிந்து, கல் கட்டிய ஒரு குழியில் தேங்கி, அங்கிருந்து வாய்க்காலாக ஊருக்கு இறங்குகிறது. குழியை எட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம். பாசி இல்லை, பூச்சி இல்லை. கடையில் பாட்டிலுக்குள் அடைத்து வைத்திருப்பதுகூட இவ்வளவு தெளிவாக இருக்காது.

"எப்படி இருக்குது பாத்தீங்களா?" செல்லம்மாளுக்கு அதில் பெருமை. "முன்னல்லாம் ஒரே வழவழன்னு பாசியா இருக்கும். தலைப்பிரட்டை நெளியும். சீலைத் துணியில வடிகட்டித்தான் கொடத்துல ஊத்துவோம். இப்போ அந்த வேலையே இல்ல. கண்ணாடியாட்டம் ஆயிடுச்சு. இதப் போயி குடிக்க மாட்டேங்கறாளே, அவளுக்கு என்னா கொழுப்பு இருக்கணும்!"

"எப்போலேர்ந்து இப்படித் தெளிஞ்சுது?"

"ஆடியில ஆயுதம் கழுவுனோமே, அதுலேர்ந்து."

ஆயுதம் கழுவுவது அந்த ஊர் வழக்கம். ஆடியில் முதல் விதைப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வீடு கலப்பை, மண்வெட்டி, கொத்து, முறம் எல்லாவற்றையும் ஊற்றுக்குக் கொண்டுவந்து கழுவி, மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். ஊற்றில் நனையாத கருவி மண்ணில் படக்கூடாது.

"இந்த வருசம் விதைப்பே இல்லையே, என்னத்தைக் கழுவுனீங்க?" என்று கேட்டேன்.

"விதைக்கலன்னு வழக்கத்த விட்டுட முடியுங்களா? கலப்பையெல்லாம் பரணுக்குப் போயிடுச்சு. முதுகுல மாட்டுற மிசினு பத்து இருந்துச்சு. அதக் கொண்டாந்து கழுவி மஞ்சக் குங்குமம் வச்சோம்."

"புல்லுக்கு மருந்தடிக்கிற மிஷினா?"

"ஆமாங்க. நான்தான் முன்ன நின்னு கழுவுனேன். உள்ளயும் வெளியயும் தேச்சி, மூணு தரம் அலசி. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. மருந்தடிச்சிட்டு வந்தா ஆம்பளைங்க இங்கயே கழுவிடுறாங்க. மஞ்சள்தான் வைக்கிறதில்ல."

 பாட்டில் மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

ஏஞ்சலின் வீட்டுக்குத் தனியாகத்தான் போனேன். செல்லம்மாள் மாட்டுக்கொட்டகையோடு நின்றுகொண்டார். வாசலில் இடுப்பளவு ஒரு கொய்யாச் செடி, சுற்றிலும் முள் வேலி. செம்மண் பாதையில் நடந்து காலெல்லாம் புழுதி. தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் வாசலோரம் இருந்தன. நகரத்துக் கை, குழாயைத் திறந்து பழகியது. ஒரு குடத்தைச் சாய்த்து முகம் கழுவி, கால் கழுவி, செருப்பையும் கழுவினேன். நிமிர்ந்தபோது ஒரு அம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம். ஐம்பத்தொரு வயது.

"போதுமா சார், இன்னொரு கொடமும் இருக்கு" என்றார்.

கூசிப்போனேன். பர்சை எடுத்தேன்.

"காச வச்சு நான் என்ன பண்றது? அது கீழேருந்து முக்கால் மணி நேரம் சுமந்தது. அரைக் கொடம் கொட்டியிருக்கீங்க. கடன். ஞாபகம் வச்சுக்கறேன்." சிரித்தார். "உக்காருங்க. டீ போடறேன். எனக்கு வேணாம், நான் காப்பிதான்."

"தேயிலை பறிச்ச கையி காப்பி குடிக்குதா?"

"இருபத்தொம்பது வருசம் பறிச்ச கையி சார். டீயப் பத்தி எனக்கு நெறைய தெரியும்."

டீ வந்தது. அவர் சொன்னதற்கப்புறம் அதை எப்படிக் குடிப்பது என்று கொஞ்சம் யோசித்தேன். குடித்தேன்.

ஏஞ்சலின் கடத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு இருந்தது மானாவாரி நிலம். ஒரு வறட்சியில் அதுவும் கைவிட, மேஸ்திரி ஒருவர் ஏழு குடும்பங்களை மேற்கு மலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அப்போது இவருக்குப் பதினாறு வயது. முதல் நாளே அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம். அழுதபோது பக்கத்தில் பறித்த பெண் புகையிலைத் தூளைத் துணியில் முடிந்து கொடுத்து, "அழுதா கொழுந்து வராது" என்றாளாம். கொழுந்து பறிக்கக் கற்றுக்கொண்டார். தர்மபுரிக்காரரான வியாகுலத்தை அங்கேயே கட்டிக்கொண்டார். வியாகுலம் மருந்தடிக்கிற கேங்கில் இருந்தார். ஒரே மகள், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில். நாலு பேரோடு ஒரு அறையில் இருக்கிறாள்.

தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆணி அடிப்பதென்றாலும் ஆபீசில் கேட்க வேண்டும். வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போகும்வரை இருக்கலாம். வியாகுலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் படுத்திருந்து செத்துப்போனார். அல்சர் என்று எழுதிக்கொடுத்தார்கள். கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்துப் பிடித்து ஏஞ்சலினுக்கு மணிக்கட்டு வீங்கி, பறிக்க முடியாமல் போனபோது, ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது. ஊருக்குத் திரும்பி, அண்ணன் வீட்டில் வேண்டாத விருந்தாளியாக இருந்தபோதுதான் மாதவராஜ் தேடி வந்தார். தேயிலை தெரிந்த ஆள் வேண்டும், மேலே வீடும் தருகிறோம் என்றார்.

"வந்த ஒடனே குப்புராஜண்ணாகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். வாசல்ல ஒரு மரம் வச்சுக்கட்டுமான்னு. வச்சுக்கம்மான்னாரு. நான் நட்ட மொதல் மரம் சார் இது. லட்சக்கணக்குல பறிச்சிருக்கேன், எனக்குன்னு ஒண்ணு நட்டதில்ல." கொய்யாவைப் பார்த்தார். "நாளைக்கு எறக்கிட்டாங்கன்னா, இத எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னுதான் பாக்கறேன். எங்க தூக்கிட்டுப் போறதுன்னும் தெரியல."

இரக்கம் வந்தது. ஆனால் இரக்கம் வந்தால் சந்தேகம் போய்விட வேண்டும் என்று சட்டம் இல்லை.

"தேயிலையை இங்கே நட்டுக் குடுத்ததே நீங்கதானேம்மா?"

"ஆமா. நடச் சொன்னாங்க, நட்டேன்."

"இது விளையுமா?"

"செடி நிக்கும். கொழுந்து வரணும்னா மழை வரணும். அப்படியே வந்தாலும், பறிச்ச இலை சாயங்காலத்துக்குள்ள ஃபேக்டரிக்குப் போகணும். இல்லன்னா சாக்குலயே சூடேறிச் செவந்துடும், குப்பை. இங்கேருந்து எந்த ஃபேக்டரிக்குச் சாயங்காலத்துக்குள்ள போவீங்க?"

"இதை மாதவராஜ்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். ஃபேக்டரி வரும்னாரு. எப்போ சார்னேன். இலை வந்ததும்னாரு. மரம் மட்டும் எதுக்கும் காத்திருக்கல, போயிடுச்சு."

"சரி. ஊத்துத் தண்ணி ஏன் குடிக்கல?"

 அவர் கைவிரல்கள் மடியில் எதையோ பறித்துக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்துக் காய்த்துப்போயிருந்தன.

"தோட்டத்துல மத்தியானம் தாகம் எடுத்தா ஓடைத் தண்ணிதான். குடிக்கிறதுக்கு முந்தி தலைப்பிரட்டை இருக்கான்னு பாப்போம். இருந்தா குடி, இல்லன்னா நட. மேல எங்கயாவது மருந்தடிச்சிருந்தா, மொதல்ல போறது அதுதான். புதுசா வந்த ஒருத்தி, 'என்னாக்கா இவ்ளோ சுத்தமா இருக்கு'ன்னு ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சா. ஒரு மாசம் எழுந்திரிக்கல. அன்னிக்கு மேல மருந்தடிச்சது எங்க வூட்டுக்காரரோட கேங்கு." மடியில் விரல்கள் நின்றன. "வந்த புதுசுல இங்க தலைப்பிரட்டை இருந்துச்சு. ஆனாலும் மேல மருந்தடிக்கப் போறாங்கன்னு தெரியுமே, அதனால மொதல்லேருந்தே தொடல. ஆடிக்கு அப்புறம் தெனம் போய்ப் பாக்கறேன். ஒண்ணுகூட இல்ல. தண்ணி அழகா இருந்தா எனக்குப் பயம் சார்."

"ஊர்ல சொல்லியிருக்கலாமே?"

"செல்லம்மாக்காகிட்ட சொன்னேன். 'எங்க ஊத்தக் கொற சொல்ல நீ யாருடி'ன்னாங்க. மாதவராஜ் சார்கிட்ட சொன்னேன். 'நீ நடவு சொல்லிக் குடுக்க வந்தியா, தண்ணி டெஸ்ட் பண்ண வந்தியா'ன்னாரு. அவங்க வூட்டுல இருந்துக்கிட்டு, அவரு வேலையில இருந்துக்கிட்டு, அதுக்கு மேல எப்படிச் சத்தம் போடறது?"

"பைப்புத் தண்ணியில மட்டும் தலைப்பிரட்டை நீந்துதா?"

"அதையும் நம்பல. காய்ச்சித்தான் குடிக்கிறேன்."

ஒருவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் அவரை நம்பலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேஷன் கடைக்கு முன்னால் ஊர் கூடியது. ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் குப்புராஜ், ஒன்றில் மாதவராஜ். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காலடியில் பாட்டில் தண்ணீர். ஏஞ்சலின் நின்றார். நடுவே ஒரு ஸ்டூலில் ஊற்றுத் தண்ணீர் நிறைந்த அதே பித்தளைச் செம்பு.

குப்புராஜ் ரேஷன் கடைக் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஏம்மா, நான் எதுவும் சொல்லல. ஊரு சொல்லுது. ஒரு வாய் குடிச்சிட்டீனா பேச்சு முடிஞ்சுது. குடிக்கலன்னா சாயங்காலம் ஜீப்புல சாமான ஏத்திடலாம்."

"எங்க தண்ணி அவ தொண்டையில எறங்காதா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். செல்லி என்ற பெண். தேயிலையில் களைக்கு மருந்தடிக்கத் தொடங்கியபின் களையெடுப்பு வேலை போனவர். "மகாராணிக்கு அரண்மனைலேர்ந்து வருதோ?"

சிரிப்பு எழுந்தது. ஏஞ்சலின் செம்பை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். குடித்துவிடுவார் என்றே நினைத்தேன். குடித்தால் வீடு தங்கும்.

செம்பை ஸ்டூலில் திரும்ப வைத்தார்.

"அண்ணா, ஒரு தலைப்பிரட்டை புடிச்சுட்டு வந்து இதுல விடுங்க. அது பொழச்சா நான் இந்தச் செம்பு மொத்தமும் குடிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க இல்ல?"

"தலைப்பிரட்டை குடிச்ச மிச்சம்தான் வேணுமாம்!" என்றார் செல்லி. மறுபடி சிரிப்பு. ஆனாலும் இரண்டு பேர் ஊற்றுக்குப் போனார்கள். அரைமணி கழித்து வெறுங்கையோடு வந்தார்கள். ஊற்றில் இல்லை, வாய்க்காலில் இல்லை. இரண்டு மழையாவது பெய்த ஆவணியில் தலைப்பிரட்டை கிடைக்காதது அவர்களுக்கே விசித்திரமாக இருந்தது. மலையின் அந்தப் பக்கம், பாறைக் குழியில் தேங்கிய மழைத் தண்ணீரில் தேடி, ஒரு கொட்டாங்கச்சியில் ஆறேழு கொண்டுவருவதற்குள் மணி பதினொன்று.

"பித்தளைல விட்டா எப்படியும் சாகும்" என்றார் மாதவராஜ். தலைப்பிரட்டைகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை அன்றுதான் தெரிந்தது.

"அப்போ எவர்சில்வர்ல விடுங்க" என்றார் ஏஞ்சலின். "ரெண்டு சொம்பு வைங்க. ஒண்ணுல ஊத்துத் தண்ணி, ஒண்ணுல என் கொடத்துத் தண்ணி. ரெண்டையும் நெழல்ல வைங்க."

அப்படியே வைத்தார்கள். செம்புக்கு மூன்று. பிறகு நாற்பது வீட்டு ஜனமும் இரண்டு எவர்சில்வர் செம்புகளைச் சுற்றி உட்கார்ந்தது. ஒருவரும் சோற்றுக்குப் போகவில்லை. போனால் மற்றவர்கள் செம்பில் எதையாவது போட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் பயம். நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபோது, "நீங்க தள்ளியே உக்காருங்க சார்" என்றார் சிவக்குமார்.

இரண்டு மணிக்கு ஊற்றுச் செம்பில் ஒன்று வயிற்றைக் காட்டி மிதந்தது. மூன்றரைக்கு மற்ற இரண்டும். ஏஞ்சலின் குடத்துத் தண்ணீர் இருந்த செம்பில் மூன்றும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"மூணு தலைப்பிரட்டைய வச்சு முடிவு பண்ணிடுவீங்களா?" மாதவராஜ் எழுந்தார். "அந்த மருந்து புல்ல மட்டுந்தாங்க பிடிக்கும். மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. லேப் ரிப்போர்ட் இல்லாம பேசக்கூடாது."

கூட்டத்திலிருந்து செல்லம்மாள் எழுந்து வந்தார். பித்தளைச் செம்பை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மனுசனுக்கு ஒண்ணும் செய்யாதுன்னா நீங்க ஒரு வாய் குடிங்க தம்பி."

மாதவராஜ் செம்பைப் பார்த்தார். "எனக்குத் தொண்டை சரியில்லீங்க. டாக்டர் வெளித்தண்ணி வேணாம்னு..."

செல்லம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ரேஷன் கடைச் சுவரில் எழுதியிருந்த விலைப் பட்டியலைப் படிக்கத் தொடங்கினேன்.

"ரெண்டு வருசமா இவரு வர்றாரு, போறாரு. ஒரு நாளாச்சும் நம்ம தண்ணி குடிச்சிருக்காரா?" என்று செல்லம்மாள் கூட்டத்தைக் கேட்டார்.  மாதவராஜின் கார் கதவில் செருகியிருக்கும் பாட்டிலை யாரும் எண்ணியதில்லை. தலையில் சுமந்த குடத்தைத்தான் எண்ணினார்கள். "மிசினு கழுவுனது நான்தான். மஞ்ச வச்சு, மூணு தரம் அலசி, அந்த ஊத்துலயே ஊத்துனேன்."

"நீ சும்மா இரு" என்றார் குப்புராஜ். இப்போது கதவைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? கன்னுக்குட்டிக்குத் தொட்டியில அந்தத் தண்ணியத்தானே ரொப்புனேன். கண்ணாடியாட்டம் இருக்குதேன்னு ஆசையா ரொப்புனேன்."

செம்பைக் கீழே ஊற்றினார். செம்மண் உடனே குடித்துவிட்டது.

யாரும் ஏஞ்சலினிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அந்த ஊர் வழக்கத்தில் இல்லை போலும். குப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "லேப்பு ரிப்போர்ட்டு வரட்டும். அதுவரைக்கும் அந்தம்மா வூட்டுலயே இருக்கட்டும்." பிறகு என் காலி பாட்டிலை வாங்கி, ஊற்றுத் தண்ணீரை நிரப்பி என்னிடமே கொடுத்தார்கள். எந்த ஆபீசும் இல்லாதவனை நம்பலாம் என்று சிவக்குமார் சிபாரிசு செய்ததாகக் கேள்வி.

டவுனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். உப்பு பார்ப்பார்களாம், கிருமி பார்ப்பார்களாம். களைமருந்து பார்க்க வேண்டுமானால் வெளியூருக்கு அனுப்ப வேண்டும், அதற்கும் மருந்தின் பெயர் வேண்டும் என்றார்கள். நாவக்கொல்லையில் இருந்த மருந்து கேன்களில் லேபிள் கிழிந்திருந்தது. மாதவராஜின் போன் அன்றிலிருந்து தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது. பாட்டிலை என் வீட்டு அலமாரியில், யாரும் எடுத்துக் குடித்துவிடாதபடி சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் வரும்வரை ஏஞ்சலின் இருக்கலாம் என்பதுதான் தீர்ப்பு. அதனால் நானே ரிப்போர்ட்டைத் தாமதம் செய்கிறேன் என்று மலையில் ஒரு பேச்சு இருக்கிறதாம். அதைச் சரிபார்க்க நான் போகப்போவதில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு காரணத்துக்காகப் போனேன். ஜீப்பில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை ஏற்றிக்கொண்டேன். ஏழாவது வளைவில் அடிபைப்பைச் சுற்றி முப்பது குடங்கள் வரிசையில் நின்றன. செல்லி கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தார். ஊற்றுக்குப் பயந்து வந்ததாக யாரும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "இந்தத் தண்ணியில பருப்பு நல்லா வேவுது சார்" என்றார் செல்லி, நான் கேட்காமலேயே. மருந்து மிஷின்கள் இப்போது ஊற்றில் கழுவப்படுவதில்லை. எங்கே கழுவப்படுகின்றன என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

ஏஞ்சலின் வாசலில் கொய்யாவில் நாலைந்து மொட்டு வந்திருந்தது. கேனை இறக்கி வைத்தேன்.

"இது என்ன?"

"கடன்ம்மா. வட்டியோட."

"கடையில வாங்கின தண்ணியா? யாரு எங்க ரொப்பினாங்கன்னு யாருக்குத் தெரியும்?" கேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நீங்க கொட்டினது சுமந்த தண்ணி. சுமந்துதான் குடுக்கணும்."

ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வரிசையில் நின்று, செல்லி அடித்துக்கொடுக்க, பாதிக் குடம் நிரப்பித் தோளில் வைத்தேன். ஏறும்போது தோளிலிருந்து இடுப்புக்கு வந்தது, இடுப்பிலிருந்து இரண்டு கைக்கு வந்தது. ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் என் பின்னால் ஈரக் கோடு.

ஏஞ்சலின் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே கொண்டுபோய்க் கொய்யாவுக்கு ஊற்றினார்.

"இது கால் கொடம்தான் சார்" என்றார். "இன்னும் கால் பாக்கி."